கொன்ட்ரோலும் எஃப்பும்

மவுஸைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு விரலால் முடிகிற காரியத்துக்குக் கையைத் தூக்கி, அந்தப் பிளாஸ்டிக் எலியைத் தடவிப் பிடித்து, அம்புக்குறி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று தேடி, அதை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, பிறகு ஒரு கிளிக். பின்னால் நின்று பார்க்க நேர்ந்தால் என் விரல்கள் சும்மா இருக்காது. என் அண்ணை ஒருமுறை இணையத்தில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிடத்திலும் அவர் வானிலைப் பக்கம் போய்ச் சேராததைக் கண்டு கையைத் தட்டிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வியாதி எனக்கு ஸ்காபரோவில், ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் பின்னறையில் தொற்றியது. கனடாவுக்கு வந்த புதிதில் கிடைத்த வேலை. அறையில் இரண்டு கொம்பியூட்டர், ஒரே ஒரு மவுஸ். விளம்பரம் வடிவமைக்கிறவர் அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். எனக்குக் கீபோர்ட் மட்டும்தான். மரண அறிவித்தல், பூப்புனித நீராட்டு விழா, வீடு விற்பனை, நகை அடகு, எல்லாவற்றையும் பாமினியில் அடித்துத் தள்ளினேன்.

பாமினி என்பது எழுத்துருவின் பெயர். மச்சாளுக்கு அது தெரியாது. மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. என் வயதுதான், வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவள் வாசலில் நின்று, "பாமினியை மாத்து, பாமினி சரியில்லை" என்று உள்ளே நாங்கள் கத்துவதைக் கேட்டிருக்கிறாள். காரில் ஏறியதும் முதல் கேள்வி, "ஆரடி உந்தப் பாமினி? பாவம், வேலையாலை நிப்பாட்டப் போறியளோ?"

அந்தப் பாமினி ஒரு கள்ளி. திரையில் அழகான தமிழாகத் தெரிவாள், ஆனால் கொம்பியூட்டரைக் கேட்டால் அது ஆங்கிலம் என்றுதான் சொல்லும். ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழைப் போர்த்திவிட்ட ஏற்பாடு அது. 'தம்பி' என்று வருவதற்கு ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, பி என்று அடிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் போர்வை கழன்று, அந்த ஜே கே அரைப்புள்ளிதான் பல்லைக் காட்டும். நாலு வருடம் அடித்ததில் எனக்கு அந்த அலங்கோலத்தையே தமிழாக வாசிக்க வந்துவிட்டது. வேறு எந்த ஊரிலும் ஒரு சதத்துக்கும் உதவாத கெட்டித்தனம்.

பிறகு மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை எடுத்தேன். நாள் முழுக்கப் பிரவுசரில் விண்ணப்பங்களைத் திறந்து, சரிபார்த்து, மூடுகிற வேலை. அங்கேதான் நான் ராணி. கொன்ட்ரோலும் டீயும் அமத்தினால் புதுப் பக்கம். கொன்ட்ரோலும் டபிள்யூவும் அமத்தினால் மூடும். தவறி மூடியதை ஷிஃப்ட்டையும் சேர்த்து டீ அமத்தித் திரும்ப எழுப்பலாம். கொன்ட்ரோலும் எல்லும் சேர்ந்தால் முகவரிப் பெட்டிக்குள் போய் நிற்கலாம். கீழே இறங்க ஸ்பேஸ் பார் போதும். மற்றவர்கள் பத்து விண்ணப்பம் முடிக்கிற நேரத்தில் நான் பதினெட்டு முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். எங்கள் சூப்பர்வைசர் கோயம்புத்தூர்க்காரர். "ஏங்க, நீங்க டைப் அடிக்கறீங்களா, வீணை வாசிக்கறீங்களா?" என்பார். அப்படிக் கேட்டால் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

எனக்குத் தெரிந்ததைச் சும்மா வைத்திருக்க மாட்டேன். யாராவது ஒருவருக்குக் கற்பித்தே ஆக வேண்டும். அகப்பட்டவள் மச்சாள். அவர்கள் விட்பியில் புது வீடு வாங்கிப் போயிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே போவேன். மச்சாள் எதைத் திறப்பதானாலும் இரண்டுதரம் கிளிக் பண்ணுவாள். ஒரு பக்கம் பார்த்து முடிந்தால் பிரவுசரையே மூடிவிட்டு, அடுத்த பக்கத்துக்கு முதலிலிருந்து திறப்பாள். வீட்டை விட்டு வெளியே போய் வாசற்கதவைப் பூட்டித் திரும்பத் திறந்துகொண்டு அடுத்த அறைக்குப் போகிற மாதிரி.

"இந்தா, கொன்ட்ரோலை அமத்திப் பிடி," என்றேன்.

"என்னை ஒருத்தரும் கொன்ட்ரோல் பண்ண ஏலாது," என்றாள் மச்சாள்.

"பகிடியை விட்டிட்டு அமத்து. இப்ப டபிள்யூ."

அவள் அமத்தியது கொன்ட்ரோலுக்குக் கிட்ட இருக்கிற ஓல்ட் விசை. கூடவே எஃப் நாலும் பட்டுவிட்டது. அண்ணை திறந்து வைத்திருந்த வங்கிப் பக்கம், மச்சாளின் சமையல் குறிப்பு, எல்லாம் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தன. "உன்ரை வித்தை நல்ல வித்தை," என்றாள். பாடம் அத்தோடு முடிந்தது.

மச்சாளுக்கு ஒரே ஒரு தம்பி. அவனுடைய பெயரை இங்கே எழுத அவள் விடவில்லை. "நீ பேரோடை விளையாடினது காணும், இனிப் போதும்," என்றாள். ஆகவே யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவனுக்கு வன்னியில் சைக்கிள் திருத்துகிற கடை. கடைசியாகப் போன் எடுத்தது தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். கடையைக் கட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் போகிறோம் என்றானாம். கடையை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்று மச்சாள் கேட்க முதல் தொடர்பு அறுந்துவிட்டது.

அது யுத்தம் முடிந்த வருடம். பனி கரைந்து மரங்கள் துளிர்த்ததெல்லாம் நடந்திருக்கும், எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம் என் திரையில் வரிசையாக நின்ற இருபத்திரண்டு பக்கங்கள். எல்லாம் செய்தித்தளங்கள். கொன்ட்ரோலும் டாப்பும் அமத்தி ஒவ்வொன்றாகப் போவேன், எஃப் ஐந்தை அமத்திப் புதுப்பிப்பேன், கடைசிக்குப் போனதும் முதலுக்கு வருவேன். சூப்பர்வைசரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ஓல்ட்டும் டாப்பும். கண் மூடித் திறக்க முதல் காப்புறுதி விண்ணப்பம் வந்து நிற்கும். அவர் வருகிறதும் நான் மாற்றுகிறதுமாக ஏப்ரல் முழுதும் போனது. ஒருநாள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "நீங்க மாத்த வேணாங்க. நான் அந்தப் பக்கம் பார்க்கறதில்ல," என்றார். அன்றைக்குத்தான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய் முதல் தடவையாக அழுதேன்.

மச்சாள் ஒவ்வொரு நாளும் வேலை முடிய, விட்பி ரயிலைப் பிடிக்காமல், நகரத்துக்குள் சனம் பதாகை பிடித்து நின்ற தெருவில் போய் நின்றாள். மே மாதம் எல்லாம் முடிந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண், நல்லவள்தான், "உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாமே, சந்தோஷம்தானே?" என்று கேட்டாள்.

பிறகு பட்டியல்கள் வரத் தொடங்கின. யுத்தத்துக்குத் தப்பி முகாம்களுக்குள் அடைபட்டிருக்கிறவர்களின் பெயர்களை யார் யாரோ எடுத்து, யார் யாரோ தட்டச்சு செய்து, ஒரு தளத்தில் போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கீழே போய்க்கொண்டேயிருக்கிற வரிசைகள். பெயர், வயது, ஊர் என்று அடுக்கி, இன்னும் வலது பக்கமாக ஏதேதோ. மச்சாள் எனக்குப் போன் எடுத்து, "நான் ரெண்டு பக்கம் வாசிச்சன், கண் பூத்துப்போச்சு, எழுத்தெல்லாம் மிதக்குது," என்றாள்.

"நீ ஏன் வாசிக்கிறாய்? கொம்பியூட்டர் எதுக்கு இருக்கு? சனிக்கிழமை வாறன், கால் மணித்தியாலத்திலை முடிச்சுத் தாறன்," என்றேன்.

என் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அதில் தமிழ் அடிக்கிற மென்பொருள் போட்டிருந்தேன். ஒரு விசையை அமத்தினால் தமிழ், திரும்ப அமத்தினால் ஆங்கிலம். விரல்கள் பழைய பாமினி இடங்களிலேயே போகும், திரையில் இந்தக் காலத்து யூனிகோட் தமிழ் விழும். சமையலறை மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினேன். மச்சாள் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். நாற்பத்திரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்துத் திறந்தேன். கொன்ட்ரோல், எஃப்: தேடல் பெட்டி திறந்தது. தமிழுக்கு மாற்றி, அவனுடைய பெயரை அடித்தேன். தேடல் பெட்டி சிவந்தது. இல்லை. அடுத்த பக்கம், இல்லை. அடுத்தது. முழுப்பெயர் ஒருதரம், தகப்பனின் முதலெழுத்தோடு ஒருதரம், ரகரத்தை றகரமாக்கி ஒருதரம். எல்லாப் பக்கத்திலும் பெட்டி சிவந்தது. பதினொரு நிமிடம்.

"முடிஞ்சுது," என்றேன்.

"என்ன முடிஞ்சுது?"

"எல்லாப் பக்கமும் பார்த்தாச்சு மச்சாள். பேர் இல்லை."

"நீ எங்கை பார்த்தனீ? சும்மா தட்டிக்கொண்டெல்லோ இருந்தனீ."

"நான் பார்க்கத் தேவையில்லை. கொம்பியூட்டர் பார்த்தது. அது மனிசரைவிட வடிவாப் பார்க்கும். ஒரு எழுத்துத் தப்பாது."

"அப்ப இல்லையெண்டுதான் அர்த்தம்?"

"இந்த லிஸ்ட்டிலை இல்லை," என்றேன். அவளுக்கு அந்த 'இந்த' கேட்கவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு, தேத்தண்ணி போடாமல், மேலே அறைக்குப் போனாள். மச்சாள் வீட்டில் நான் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பியது அன்றைக்கு மட்டும்தான்.

என் வேகம் ஊருக்குள் பரவிவிட்டது. அந்தக் கிழமை ஐந்து பேர் கேட்டார்கள். நாலு பேர் போனில். ஐந்தாவது, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பிளாசாவில், பேக்கரியில் நிற்கிற அன்ரி. அந்த மில்லிக்கன் வீட்டில் குடியிருந்த காலம் முழுக்க அவவிடம்தான் றோல்ஸ் வாங்கினேன். மகளின் பெயரை ஒரு பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தந்தா. அடுத்த நாள் வேலையால் வரும் வழியில் இறங்கி, "இல்லை அன்ரி, எல்லாப் பக்கமும் பார்த்திட்டன்," என்றேன். அன்ரி தலையை ஆட்டினா. "எத்தினை றோல்ஸ் பிள்ளை?" என்று கேட்டா. "நாலு," என்றேன். நான் அப்படித்தான் இருந்தேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பில் நிமிர்ந்து நடந்து திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணை போன் எடுத்தார். ஐயரோடு கதைத்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறார்களாம். "அவள்தான் சொன்னவள். எத்தினை நாளைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது எண்டு கேக்கிறாள்," என்றார். கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பக்கம் தேடினவள் நான்தானே, என்னைவிட யாருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். அந்தத் தளத்தில் புதிதாக ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி அலுவலகக் கொம்பியூட்டரில் அதைத் திறந்தேன். அந்தப் பட்டியலை அலுவலகத்தில் திறப்பது அதுதான் முதல் தடவை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன.

சூப்பர்வைசர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். "என்னங்க இது, வைரஸா?"

"இல்லை, தமிழ்," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச். அக்கா. நான் அதை வாசித்துக்கொண்டிருந்தேன். பாமினி! பட்டியல் முழுவதையும் பாமினியில் அடித்திருக்கிறார்கள். என் லப்டொப்பிலும், நான் போட்டுக்கொடுத்த மச்சாளின் கொம்பியூட்டரிலும் அந்தப் பழைய எழுத்துரு கிடந்ததால் வீட்டில் அது நல்ல தமிழாகத் தெரிந்திருக்கிறது. நான் யூனிகோட் தமிழில் பெயரை அடித்துத் தேடினேன். பக்கத்துக்குள் இருந்ததோ ஆங்கிலக் குப்பை. அந்தப் பக்கங்களில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடியிருந்தாலும் இல்லை என்றுதான் வந்திருக்கும். 'வயது' என்று தேடியிருந்தாலும் இல்லை. 'தமிழ்' என்று தேடியிருந்தாலும் இல்லை. விரல்கள் போன இடமெல்லாம் சரி. தமிழுக்கு மாற்றுகிற அந்த ஒரு விசையை அமத்தாமல் விட்டிருந்தால் போதும். நாலு வருடம் அந்தப் பாமினியோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரு சாட்டும் இல்லை.

சோற்றைத் தள்ளி வைத்தேன். பழைய நாற்பத்திரண்டையும் திறந்து, ஆங்கிலத்திலேயே, அவனுடைய பெயரின் விசைகளை அடித்தேன். முதற் பக்கம் சிவந்தது. இரண்டாவது சிவந்தது. கடைசிவரை போனேன். எங்கும் இல்லை. இந்தமுறை கொம்பியூட்டர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அந்தப் பெயர் அதில் இல்லை. அந்த நிமிடம் எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். கீபோர்ட்டை எடுத்து நிலத்தில் அடிக்கலாம் போல் இருந்தது.

அடிக்கவில்லை. அம்புக்குறி விசையை அமத்தி வலது பக்கமாகப் போனேன், ஏன் என்று தெரியாது. என் சின்ன லப்டொப்பில் திரைக்கு வெளியே நின்ற கடைசி நெடுவரிசை அங்கே இருந்தது. அதற்கு மேல் தலைப்பு: வெளிநாட்டில் உள்ள உறவினர். பல இடங்களில் வெறும் கோடு. சில இடங்களில் மாமா, லண்டன். சித்தி, ஜேர்மனி. முகாமுக்குள் இருந்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

தம்பியின் பெயரை அழித்துவிட்டு மச்சாளின் பெயரை அடித்தேன்.

பதினேழாம் பக்கத்தில் பெட்டி சிவக்கவில்லை. அக்கா, கனடா. பிறகு மச்சாளின் பெயர், கலியாணத்துக்கு முந்தின முதலெழுத்தோடு. கனடாவில் அந்த முதலெழுத்தோடு அவளை ஒருவருக்கும் தெரியாது. இடது பக்கம் போய்ப் பார்த்தேன். வயது சரி. ஊர் சரி. அவன் பெயரில் மட்டும், வானா வர வேண்டிய இடத்தில் சானா. பாமினியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். எங்கேயோ தட்டச்சு செய்த ஒருவருக்கு, எத்தனையாவது ஆயிரம் பெயரோ தெரியாது, விரல் ஒரு விசை தள்ளி விழுந்துவிட்டது. தன் பெயர் பிழையாய் விழுந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது. அக்காவின் பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் போல, அதில் ஒரு குற்றுப் புள்ளிகூடப் பிழையில்லை. நாங்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருந்தேன். அவன்தான் எங்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

கொன்ட்ரோலும் பீயும் அமத்தி அந்தப் பக்கத்தை அச்சடித்தேன். சூப்பர்வைசரிடம் போய், "நான் போகோணும்," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

விட்பி ரயில் நிலையத்துக் கார் தரிப்பிடத்தில் மச்சாள் இறங்கி வரும்வரை காத்திருந்தேன். நல்ல வெயில். என்னைக் கண்டதும் அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. நான் கடதாசியை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்தாள்.

"என்ன இது? விசர்ப் பேப்பரைத் தாறாய்."

அப்போதுதான் கவனித்தேன், அச்சடித்ததும் குப்பையாகத்தானே வந்திருக்கும். காரின் பொனெட்டில் கடதாசியை விரித்து, பேனையை எடுத்து, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் கீழே தமிழ் எழுத்தை எழுதினேன். அவசரத்தில் அவளுடைய பெயரிலிருந்து தொடங்கிவிட்டேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டி, எழுத்து விழ விழ வாசித்தாள். முதலெழுத்து வந்ததும் என் கையைப் பிடித்துவிட்டாள். பேனை ஓட மறுத்தது. "விடு, எழுத விடு," என்றேன். விடவில்லை. அப்படியே இரண்டு பேருடைய கையுமாகத்தான் மிச்சத்தை எழுதி முடித்தோம்.

பிறகு அவள் தன் கைப்பையால் என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். "அஞ்சு நாளா என்ரை தம்பியைச் சாக்காட்டி வைச்சிருந்தனீயடி," என்றாள். இன்னொன்று போட்டாள். ரயிலால் இறங்கி வந்த சனம் திரும்பிப் பார்த்தது. மச்சாள் சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், அண்ணைக்குப் போன் எடுத்து, "ஐயருக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்று கத்தினாள். மன்னிச்சுக்கொள் என்று நான் சொன்னது அந்தக் கூத்துக்குள் அவளுக்குக் கேட்டதோ தெரியாது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முதலும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மச்சாள் கேட்டாள்: "வேறை ஆருக்கும் இப்பிடிப் பேர் இல்லையெண்டு சொல்லி வைச்சனீயோ?"

காரை எடுக்க என்னால் முடியவில்லை. அவளே இறங்கி வந்து என்னை மற்றப் பக்கம் இருத்திவிட்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

அவளுடைய சமையலறை மேசையில் இருந்து, தேத்தண்ணியோடு, ஐந்து பேருக்கும் போன் எடுத்தோம். நான் பிழை விட்டுவிட்டேன், திரும்பப் பெயரைச் சொல்லுங்கோ என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார், ஏசி முடித்துவிட்டுத் தமையனின் பெயரைச் சொன்னார், அது எட்டாம் பக்கத்தில் இருந்தது. இன்னொருவரின் தாய் இருபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தா. மற்ற இரண்டு பேருக்கும் இன்னும் தேட வேண்டும் என்றேன், தேடுங்கோ என்றார்கள்.

கடைசியாகப் பேக்கரி அன்ரி. நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கத்தில் யாரோ வாடிக்கையாளர் ஏதோ கேட்பதும், அன்ரி 'கொஞ்சம் பொறுங்கோ' என்பதும் கேட்டது.

"பிள்ளை," என்றா. "நீங்கள் பாருங்கோ. இருந்தால் எனக்குப் போன் எடுங்கோ. இல்லையெண்டால் எடுக்காதேங்கோ. இன்னொருக்கா அந்தச் சொல்லைக் கேக்க என்னாலை ஏலாது."

ஓம் அன்ரி என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மச்சாளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். முதலில் மகளின் பெயரை அடித்துத் தேடினேன். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்து விசையை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன். பிறகு அந்த உறவினர் நெடுவரிசையில் அன்ரியின் பெயரைத் தேடினேன், அன்ரியின் புருஷனின் பெயரைத் தேடினேன், கனடா என்ற சொல்லைத் தேடி வந்த ஒவ்வொன்றையும் பார்த்தேன். அதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டு, முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். மச்சாள் திரையில், கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை வைத்துப் பிடித்தாள். நான் உரத்து வாசித்தேன், அவள் தலையை ஆட்டினதும் அடிமட்டம் ஒரு வரி இறங்கியது. அண்ணை சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார், யாரும் தொடவில்லை. பின்னேரம் ஆறரைக்கு நாற்பத்திமூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை வாசித்தேன். மச்சாள் அடிமட்டத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

அன்ரிக்கு நாங்கள் போன் எடுக்கவில்லை.